டிரோன் ஓட்டுவோருக்குப் பறப்புக் குறிப்பேடு

திருவள்ளூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மருந்து தெளிக்கும் டிரோனுக்கு வேலை குறைவு. வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஆரணியாற்றிலும் கொசஸ்தலையாற்றிலும் தண்ணீர் ஓடுகிறது. தெளித்த மருந்தை மழை கழுவிவிடும் என்று விவசாயிகளும் காத்திருக்கிறார்கள். சம்பா அறுவடை முடிந்து, நவரை நடவு ஆகி, பயிர் தூர் கட்டும் சமயத்தில் இலைச்சுருட்டுப் புழுவும் தண்டு துளைப்பானும் தலைகாட்டிய பிறகுதான் டிரோன் பெட்டியைத் திறக்கிறார்கள்.

இதற்குள் இரண்டு மாதங்கள் ஓடிவிடுகின்றன. இயந்திரம் சும்மா கிடந்தது எல்லோருக்கும் தெரியும். எனவே பேட்டரியைப் பார்க்கிறார்கள், நாசிலைக் கழுவுகிறார்கள், இறக்கைகளைத் துடைக்கிறார்கள். ஓட்டுபவர் கையும் அதே இரண்டு மாதங்கள் சும்மா கிடந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கங்களில் பனை மரங்களும் உயர் அழுத்த மின்கம்பிகளும் இல்லாத வயல் குறைவு. பத்து லட்ச ரூபாய் வரை விலையுள்ள கருவியை இவற்றின் நடுவே, அதுவும் தை மாதப் பனிமூட்டத்தில், பழக்கம் விட்டுப்போன கையால் எடுப்பது சரியல்ல.

ஆள் ஏறிப் பறக்கும் விமானங்களில் இந்தப் பிரச்சினைக்கு வெகு காலத்துக்கு முன்பே வழி கண்டுவிட்டார்கள். விமானி ஒவ்வொருவரிடமும் ஒரு லாக் புக் இருக்கும். எந்தத் தேதி, எந்த விமானம், எங்கிருந்து எங்கே, எத்தனை மணி நேரம் என்று முதல் நாள் பயிற்சியிலிருந்தே அதில் எழுதி வர வேண்டும். நம் நாட்டில் வர்த்தக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணிக்குச் சாட்சி இந்தப் புத்தகம்தான். உரிமம் கையில் இருந்தால் மட்டும் போதாது. பயணிகள் விமானத்தைக் கட்டுப்படுத்தும் விமானி முந்தைய 90 நாட்களுக்குள் குறைந்தது மூன்று முறை ஏற்றி, மூன்று முறை இறக்கியிருக்க வேண்டும் என்பது உலகெங்கும் நடைமுறையில் உள்ள நெறி. இருபது வருட அனுபவம் உள்ளவருக்கும் விலக்கு இல்லை. 90 நாள் தவறினால் மீண்டும் பழகிக் காட்டிய பிறகுதான் பயணிகளுடன் பறக்கலாம்.

பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்களும் இதே ஒழுங்கில்தான் பறந்தன. பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இதற்கென்றே 'பசந்த்' என்ற விமானத்தை உருவாக்கி 1972-ல் பறக்கவிட்டது. ஜப்பானில் 1987 முதல் நெல் வயல்களில் யமஹா கம்பெனியின் ஆளில்லாச் சிறு ஹெலிகாப்டர்கள் மருந்து தெளிக்கின்றன. இன்று திருவள்ளூர் வயலுக்கு வந்திருக்கும் டிரோன் இந்த வம்சத்தின் கடைக்குட்டி. கடைக்குட்டியிடம் புத்தகம் மட்டும் காணோம்.

சான்றிதழ் வேறு, பழக்கம் வேறு

2021 ஆகஸ்டு 25-ல் வெளியான டிரோன் விதிகளின்படி, 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை எடையுள்ளவை சிறு ரகம். 10 லிட்டர் தொட்டியுள்ள தெளிப்பு டிரோன்கள் பெரும்பாலும் இந்த ரகத்தில் அடங்கும். இவற்றை ஓட்டச் சான்றிதழ் அவசியம். வயது 18 முதல் 65-க்குள் இருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். நமோ டிரோன் தீதி திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு 15 நாள் பயிற்சி வகுத்திருக்கிறார்கள். இதில் 5 நாள் டிரோன் ஓட்டவும், 10 நாள் உரம், மருந்து தெளிப்பு முறைகளுக்கும். டிரோன் விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்ச ரூபாய் மானியம் என்பதும் அந்தத் திட்டத்தில்தான்.

சான்றிதழ் பத்து ஆண்டுகள் செல்லும். பத்து ஆண்டு முடிந்து புதுப்பிக்கும்போது மறுபயிற்சி உண்டு. இடையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை பறக்க வேண்டும் என்று கேட்பார் இல்லை. ஐந்து நாள் பயிற்சி பெற்றவர் எட்டு மாதம் தொடாமல் இருந்துவிட்டு ஒன்பதாம் மாதம் நேராகப் பக்கத்து ஊர் வயலில் இறக்கினாலும் அவர் சான்றிதழ் செல்லுபடியாகும். பயிர் அந்தச் சான்றிதழைப் பார்ப்பதில்லை!

பிற நாடுகளில் இதற்கு வெவ்வேறு வழிகள் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் தொழில்முறை டிரோன் ஓட்டுநர் 24 மாதங்களுக்கு ஒருமுறை மறுபயிற்சி முடிக்க வேண்டும். இது ஏட்டுப் பாடம்தான், கைப் பழக்கத்தைச் சோதிப்பதில்லை. பிரிட்டனில் குடியிருப்புப் பகுதிகளில் பறக்க அனுமதி பெற்றவர்கள் கடைசி மூன்று மாதங்களில் இரண்டு மணி நேரமாவது பறந்ததாகக் குறிப்பேட்டில் காட்ட வேண்டும். நம் மாவட்டத்துக்கு இந்தப் பிரிட்டிஷ் முறையே பொருத்தம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் உள்ள ஊரில் மூன்று மாதக் கணக்கு இயற்கையாகவே அமைந்துவிடுகிறது.

எனவே டிரோன் வைத்திருக்கும் குழுக்களும் வாடகை நிலையங்களும் தாங்களே ஒரு விதி செய்து கொள்ளலாம். கடைசியாகப் பறந்து 30 நாள் ஆகிவிட்டால், மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு முறையாவது வெறும் தண்ணீருடன் தரிசு நிலத்தில் பறந்து பார்க்க வேண்டும். 90 நாள் தாண்டிவிட்டால் ஒரு காலைப்பொழுது முழுவதையும் பழக்கத்துக்கு ஒதுக்க வேண்டும். முதலில் காலித் தொட்டியுடன் மூன்று முறை ஏற்றி இறக்குதல். பிறகு பாதித் தொட்டித் தண்ணீருடன் சதுரமாக ஒரு சுற்று. அதன்பின் முழுத் தொட்டி. முழுத் தொட்டியில் டிரோன் நிற்கத் தாமதிக்கும். நிறுத்தும் விசையை விட்ட பிறகும் சில அடி ஓடும். இந்த ஓட்டத்தை வயலின் கடைசி வரப்பில் போய்க் கற்றுக்கொள்ளக் கூடாது.

தானியங்கி முறையில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செயற்கைக்கோள் வழிகாட்டுதல் விட்டுப்போனாலும், திசைகாட்டி குழம்பினாலும் டிரோன் காற்றின் போக்கில் நகரத் தொடங்கும். அப்போது கையால் பிடித்து இறக்க வேண்டும். இரும்புக் கட்டுமானங்களுக்கும் மின் கோபுரங்களுக்கும் அருகில் திசைகாட்டி குழம்புவது சகஜம். வடசென்னை அனல் மின் நிலையத்திலிருந்து புறப்படும் கம்பிகளும், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் கம்பிகளும் வயல்களுக்கு மேலேயே போகும் இப்பகுதியில், கையால் இறக்கும் பழக்கத்தை மாதம் ஒருமுறையாவது செய்து, செய்ததைத் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். தானாகத் திரும்பும் உயரத்தையும் ஊருக்கு ஊர் மாற்றி வைக்க வேண்டும். புதர்க் காட்டுக்கு வைத்த உயரம் பனந்தோப்புக்கு உதவாது. பனையைத் தாண்ட வைத்த உயரம் நேரே மின்கம்பியில் கொண்டுபோய் விடவும் கூடும்.

குறிப்பேடு எப்படி இருக்க வேண்டும்

கடையில் கிடைக்கும் 200 பக்க நீள நோட்டு போதும். பால் சங்க அட்டையைப் போல அன்றன்றே நிரப்ப வேண்டும் என்பதுதான் முக்கியம். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் கணக்கு, கணக்கே அல்ல. முதல் பக்கத்தில் ஓட்டுநர் பெயர், சான்றிதழ் எண், அது முடியும் தேதி, டிரோனின் தனி அடையாள எண், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எண், அது முடியும் தேதி ஆகியவற்றை எழுத வேண்டும். ஒரே டிரோனை இருவர் ஓட்டினால் இருவருக்கும் தனித்தனி நோட்டு வேண்டும். டிரோனுக்கு ஒரு நோட்டு, ஆளுக்கு ஒரு நோட்டு என்று பிரித்து வைப்பது இன்னும் நல்லது. டிரோன் 40 மணி பறந்தது என்பதால் இரண்டு ஓட்டுநர்களும் 40 மணி பறந்தவர்களாகிவிட மாட்டார்கள்.

இடது பக்கம் பறப்புக்கு. தேதி, கிராமம், சர்வே எண், ஏறிய நேரம், இறங்கிய நேரம், பறந்த நிமிடம், எத்தனையாவது பேட்டரி, தானியங்கியா கையா, அன்று வரை சேர்ந்த மொத்த நேரம். வலது பக்கம் தெளிப்புக்கு. பயிர், ரகம், வயது, பூச்சி அல்லது நோய், மருந்தின் பெயர், ஏக்கருக்கு அளவு, கலந்த தண்ணீர், பறந்த உயரம், வேகம், காற்றின் திசை, பக்கத்து வயலில் என்ன பயிர்.

கடைசியில் சொன்ன இரண்டும்தான் பின்னால் பேசும். பொன்னேரி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் கோடையில் முற்பகலுக்கு மேல் கடற்காற்று திரும்பிவிடும். காலை 7 மணிக்கு அசையாமல் இருந்த வயலில் 12 மணிக்குக் கிழக்கே இருந்து காற்று வாங்கும். நெல்லில் அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி தெளிக்கும்போது இப்படிக் காற்று வாங்கினால், மேற்கே உள்ள கத்தரியோ தர்பூசணியோ ஓரிரு நாளில் இலை சுருண்டு கோணலாகும். அந்த நிலத்துக்காரர் சும்மா இருக்க மாட்டார். மணி, காற்றின் திசை, மருந்துப் பெயர் மூன்றும் எழுதி வைத்தவர் உண்மையைச் சொல்லலாம். தவறு தன்மீது இல்லை என்றால் காட்டலாம், இருந்தால் எவ்வளவு என்றும் காட்டலாம். எழுதாதவர் ஊர்ப் பஞ்சாயத்தில் சத்தம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

காற்றளக்கும் கருவி இல்லாதவர்கள் கண்ணால் கணிக்கலாம். முகத்தில் காற்று தெரிந்து இலைகள் சலசலத்தால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். சிறு கொடித்துணி விறைத்து நின்று இலைகள் ஓயாமல் ஆடினால் 12-க்கு மேல். இரண்டாவது நிலை வந்ததும் தெளிப்பை நிறுத்தி, நிறுத்திய நேரத்தையும் எழுத வேண்டும். களைக்கொல்லி என்றால் முதல் நிலையிலேயே பக்கத்துப் பயிரைப் பார்த்து முடிவு செய்வது நலம். பறக்காமல் திரும்பிய நாட்களையும் நோட்டில் எழுதும் ஓட்டுநரை நம்பி வயலைக் கொடுக்கலாம்.

நிமிடக் கணக்கும் லிட்டர் கணக்கும்

குறிப்பேடு ஒரு தராசு போலவும் பயன்படும். டிரோன் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் 3 மீட்டர் அகலத்துக்குத் தெளிப்பதாக வைத்துக் கொள்வோம். நொடிக்கு 12 சதுர மீட்டர் நனைகிறது. ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆகவே ஒரு ஏக்கருக்குச் சுமார் 337 நொடி, அதாவது 5 நிமிடம் 37 நொடி. ஏக்கருக்கு 10 லிட்டர் விழ வேண்டுமானால் நிமிடத்துக்கு 1.78 லிட்டர் வர வேண்டும். நான்கு நாசில் இருந்தால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 445 மில்லி. இறக்கைகளைக் கழற்றிவிட்டு, தரையில் வைத்து, நான்கு ஜாடிகளில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒன்று 445, ஒன்று 440, ஒன்று 450 என்று இருந்து நான்காவது 380 என்றால் அந்த நாசில் அடைத்திருக்கிறது. அந்த வரிசையில் புகையான் தப்பிக்கும். ஜாடிக் கணக்கைப் பட்டத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் எடுத்து நோட்டில் எழுத வேண்டும்.

தினசரிக் கணக்கும் இதையே சொல்லும். திரும்பும் நேரத்தையும் சேர்த்து ஏக்கருக்கு 7 நிமிடமும் 10 லிட்டரும் ஆகிவந்த டிரோன், ஒரு நாள் அதே 7 நிமிடத்தில் 9 லிட்டர்தான் செலவழித்தது என்றால் பயிருக்கு மருந்து குறைந்திருக்கிறது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் பிடித்த காலத்தில் ஒரு லிட்டர் வித்தியாசம் பெரிதல்ல. டிரோனில் அந்த 200 லிட்டரில் கலக்கும் மருந்து முழுவதும் 10 லிட்டருக்குள் இருக்கிறது. ஒரு லிட்டர் என்பது பத்தில் ஒரு பங்கு.

பேட்டரிக்கும் வயது உண்டு

பேட்டரிகளுக்கு வண்ணத்தால் எண் போட வேண்டும். பட்டத்துக்கு 300 ஏக்கர் தெளிக்கும் டிரோனில் நான்கு ஜோடி பேட்டரி சமமாகச் சுழன்றால், ஏக்கருக்கு ஒரு ஏற்றம் என்ற கணக்கில், ஒவ்வொரு ஜோடியும் 75 தடவை சார்ஜ் ஏறி இறங்கும். சமமாகச் சுழல்கிறதா என்பது எழுதினால்தான் தெரியும். பெரும்பாலும் கைக்கு எட்டியதே மீண்டும் மீண்டும் போகும். ஒன்று 140 தடவை தேய்ந்து, இன்னொன்று 20 தடவையில் தூசி படிந்து கிடக்கும். தேய்ந்தது முழுத் தொட்டியுடன் நடு வயலில் இருக்கும்போது திடீரென வோல்டேஜ் விழும். முன்பு 9 நிமிடம் தாங்கிய பேட்டரி 6 நிமிடத்தில் எச்சரிக்கை ஒலி தந்தால் அதைத் தெளிப்பு வேலையிலிருந்து நீக்கிவிட வேண்டும். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடவே கூடாது. சூடு ஆறாத பேட்டரியையும் அப்படியே.

மழைக்கால ஓய்வில் பேட்டரிகளை முழுச் சார்ஜில் வைப்பது பலரும் செய்யும் தவறு. ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், பாதிச் சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை பார்த்து வோல்டேஜை நோட்டில் எழுத வேண்டும். கார்த்திகையில் வேறு எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த ஒரு வரி இருக்க வேண்டும்.

ஓட்டுபவர் உடல்நிலை

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் இளைஞர்கள் பலர் வீட்டு நிலத்தையும் கவனிக்கிறார்கள். இரவு ஷிப்டு முடித்து வந்து, முகம் கழுவிவிட்டு, 7 மணிக்கு டிரோன் எடுப்பது வருமானத்துக்கு நல்லதாகத் தோன்றலாம். கண் சொக்கும் நேரத்தில் 20 ஏக்கர் என்றால் 20 முறை ஏற்றி இறக்க வேண்டும். விமானிகளுக்கு ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் பணி, இத்தனை மணி நேரம் ஓய்வு என்று சட்டமே இருக்கிறது. டிரோன் ஓட்டுபவர் 'நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன்' என்று ஒரு கட்டம் போட்டு எழுதட்டும். நான்கு என்று எழுதக் கை கூசினால் அன்று ஓட்ட வேண்டாம். மருந்தின் நெடியால் தலைவலி, வாந்தி வந்த நாட்களையும் அதே கட்டத்தில் எழுதினால் டாக்டருக்கு உதவும். எந்த மருந்து என்பது எதிர்ப்பக்கத்திலேயே இருக்கும்.

டிரோனிலும் கைப்பேசியிலும் தானாகவே பறப்பு பதிவாகிறதே, நோட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கருவிப் பதிவு அவசியம், அதை அழிக்கக் கூடாது. ஆனால் அதற்குப் பாதையும் நேரமும்தான் தெரியும். தொட்டியில் இருந்தது என்ன மருந்து, பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் இருந்ததா, மேய்ச்சல் மாடு உள்ளே வந்ததா என்பது தெரியாது. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. அதனால்தான் பொய்யாக எழுதுவதும் பயன் தராது. விமானிகள் உலகில் பறக்காத மணிகளைப் பேனாவால் பறந்து சேர்ப்பதை, 'பார்க்கர் 51' என்ற பழைய பேனாவின் பெயரைச் சொல்லிக் கேலி செய்வார்கள். 2011-ல் நம் நாட்டில் இப்படிப் போலி மணிகளும் போலி மதிப்பெண் பட்டியலும் காட்டி உரிமம் பெற்றவர்கள் பிடிபட்டுக் கைதானார்கள்.

வாடகைக்கு எடுக்கும் விவசாயிகள்

சொந்த டிரோன் இல்லாத, ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகளே அதிகம். அவர்கள் டிரோனை வயலில் இறக்கவிடும் முன் ஓட்டுநரின் சான்றிதழையும் குறிப்பேட்டின் கடைசி இரண்டு பக்கங்களையும் காட்டச் சொல்லலாம். கேட்பதில் தவறில்லை. கடைசியாகப் பறந்த தேதி எது, அதற்கு முந்தைய வயலில் தொட்டியில் இருந்தது என்ன என்று இரண்டைப் பார்த்தால் போதும். முந்தைய வயலில் களைக்கொல்லி அடித்திருந்தால், தொட்டியும் குழாயும் கழுவியதாக வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கண் முன்னே கழுவச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் வலது பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டால், மறு தெளிப்புக்கு எத்தனை நாள், அறுவடைக்கு முன் எத்தனை நாள் இடைவெளி என்று கணக்கிட உதவும்.

ஓட்டுநர் தன் பங்குக்கு, தெளிக்கும் முன்தினமே ஊராட்சிக்கும் வேளாண் அலுவலர்க்கும் தகவல் சொல்லி, சொன்ன நேரத்தை எழுத வேண்டும். அன்று காலை அரசின் வான்வெளி வரைபடத்தை இணையத்தில் பார்க்க வேண்டும். ஆவடியில் ராணுவ வளாகங்கள் உள்ள மாவட்டம் இது; ஆரம்பாக்கத்துக்கு வடக்கே, மாவட்ட எல்லைக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் உண்டு. பச்சை மண்டலம் என்று சென்ற மாதம் பார்த்தது இன்றைக்கும் பச்சை என்று எண்ணிவிடக் கூடாது. விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் இணையவழி தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்தப் படிவத்துக்கு வேண்டிய விவரங்களில் பெரும்பாலானவை இடது பக்கத்தில் தயாராக இருக்கும்.

பயிர், மருந்து, அளவு பற்றிய சந்தேகங்களுக்குத் திரூரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தையும் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். போகும்போது நோட்டையும் எடுத்துச் செல்வது நல்லது. நோட்டை மருந்துப் பெட்டியிலோ பேட்டரிப் பெட்டியிலோ வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பென்சில் அல்லாமல் பேனாவால் எழுதி, தவறாக எழுதியதைச் சுரண்டாமல் ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் திருத்தி எழுத வேண்டும். பட்டம் முடிந்ததும் மொத்த நேரம், மொத்த ஏற்றம், கடைசியாகப் பறந்த தேதி மூன்றையும் அடுத்த பட்டத்தின் முதல் பக்கத்துக்கு எடுத்து எழுதிக்கொண்டால், பெட்டியை மறுபடி திறக்கும் காலையில் எத்தனை நாள் இடைவெளி என்று எண்ணத் தேவையிருக்காது.